தவாகானாவைத் தாண்டிப் போனோம்

எங்கள் அலுவலகம் புனேயில், கராடியில் ஏழாவது மாடியில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ் ஆட்கள் ஐந்தாறு பேர் ஒரே மேஜையில்தான் உட்காருவோம். பொரியல் ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்குப் போகும், கூடவே வம்பும் போகும். யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் என் குரல்தான் மேலே கேட்கும். அப்போதெல்லாம் அதில் எனக்கு ஒரு பெருமை. இப்போது நினைத்தால் வாயிலேயே நாலு போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

வைத்தியப் பேச்சை எடுத்தவர் எங்கள் டீமில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட நாலைந்து வயது சின்னவர், சாது, ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் விடமாட்டார். நாட்டில் பிறந்த ஒவ்வொருத்தருக்கும் அரசாங்கமே வைத்தியம் பார்க்க வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் நின்று உன்னிடம் எந்தக் கார்டு இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கக் கூடாது என்பது அவர் கட்சி.

"உங்களுக்கென்னங்க, கம்பெனி இன்சூரன்ஸ் கார்டு இருக்குது. நாளைக்கு வேலை போச்சுன்னா கார்டும் போச்சு. அப்புறம் எங்கீங்க போவீங்க?" என்றார்.

"எங்கயாவது போறேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போக மாட்டேன். நீங்கல்லாம் படிச்சிட்டுப் பேசறீங்க. நான் அங்கயே பொறந்து வளர்ந்தவ."

அது பொய்யில்லை. அப்பா கட்கிப் பக்கத்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டும் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம் எங்களுடையது. போபோடியில் ஒரு சந்து, அதில் இரண்டு அறை வீடு. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் அரசாங்க டிஸ்பென்சரி. எங்கள் சந்தில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, தவாகானா என்றுதான் சொல்வோம். தடுப்பூசி போட்டது அங்கே, மாடிப்படியில் விழுந்து நெற்றியில் தையல் போட்டது அங்கே. வேலையில் இருந்தவரைக்கும் தொழிற்சாலைச் சீட்டைக் காட்டினார் அப்பா, ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் சீட்டைக் காட்டினார். வாசல் அதேதான்.

அதனால் கேன்டீன் மேஜையில் எனக்கு ஒரு தனி அந்தஸ்து. விடியற்காலையிலேயே செருப்பை வரிசையில் வைத்து இடம்பிடிப்பது, நாம் ஸ்டூலில் உட்காருவதற்குள் டாக்டர் மருந்து எழுதி முடித்துவிடுவது, கால்வலிக்கும் காதுவலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரையைத் தருவது என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டுவேன். கம்பவுண்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "ஆகே சலோ", முன்னால் போ, என்று விரட்டுவதை நான் செய்து காட்டினால் பக்கத்து மேஜைக்காரர்களும் சிரிப்பார்கள். கோயம்புத்தூர்க்காரரும் சிரித்துவிட்டு, "ஆனா பாத்தாங்களே, திருப்பி அனுப்பலையே?" என்பார். அடுத்த கதைக்குப் போய்விடுவேன்.

நடித்துக் காட்டாத கதை ஒன்று இருந்தது. அது அம்மாவுடையது.

அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தபோது தவாகானாவில்தான் காட்டினார்கள். புளிப்பு, காரம் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். வலி போகவில்லை என்று மறுபடி போனாள், மறுபடி அதே மாத்திரை. ஏழெட்டு மாதம் அப்படியே ஓடிற்று. நான்தான் ஒருநாள் பிடிவாதமாக வெளியே கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்தேன். படத்தைப் பார்த்த டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அதற்குப் பிறகு அம்மா ஐந்து மாதம் இருந்தாள்.

அந்தக் கோபம் எனக்கு அடங்கவே இல்லை. அப்பாவுக்கோ கோபமே வரவில்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை பிரஷர் மாத்திரை வாங்க அதே தவாகானாவுக்குக் கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்குச் சூடு சொரணை ஏதாவது இருக்காப்பா? அம்மாவைக் கொன்ன எடம் அது."

"அப்பிடிச் சொல்லாத. அந்த டாக்டர் ஒருத்தன் சரியா பாக்கல. அதுக்குத் தவாகானா இன்னா பண்ணும்?"

"ஒருத்தன் பாக்கலன்னா போதாதா?"

"கடைசியில பெரியாஸ்பத்திரில போட்டப்ப அந்த நர்ஸம்மா தெனம் உங்கம்மாவுக்குத் தலை சீவி வுட்டாளே. அதுவும் கவர்மென்ட்டுதானே. அத ஏன் நீ சொல்ல மாட்ற?"

சொல்லிவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அப்பா அதிகம் பேசுபவர் இல்லை. பேசினால் நியாயமாகப் பேசுவார். நியாயமாகப் பேசுகிறவர்களோடு சண்டை போடுவது பெரிய தொல்லை.

எங்கள் கம்பெனியில் வருஷத்துக்கு ஒருமுறை காப்பீட்டுக்கான பக்கம் திறக்கும். கல்யாணமானவர்கள் அதில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். சொந்தப் பெற்றோரா, மாமனார் மாமியாரா, யாராவது ஒரு பக்கத்தைத்தான் சேர்க்கலாம். இரண்டு பக்கமும் சேர்க்க வழியில்லை. இந்த ஒரு கேள்வியால் எத்தனை வீட்டில் சண்டை நடக்கிறது என்று அந்தப் பக்கத்தை வடிவமைத்த புண்ணியவானுக்குத் தெரியாது. என் கணவருடைய கம்பெனி சின்னது, அங்கே பெற்றோருக்கு ஒன்றுமில்லை. ஐந்து வருஷம் மாமியார் பெயர்தான் அதில் இருந்தது. அம்மா இறந்த வருஷம் நான் அதை மாற்றினேன். வீட்டில் ஒரு வாரம் யாரும் யாருடனும் பேசவில்லை. மாமியார் மட்டும் போனில், "மாத்திக்க கண்ணு, எனக்கு இங்க வீட்டுக்கே வந்து சுகர் மாத்திரை குடுத்துட்டுப் போறாங்க கவர்மென்ட்ல" என்றார். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் அவர் இருக்கும் ஊரில் அப்படி நடக்கிறது. அதையும் நான் காதில் வாங்கவில்லை. கார்டு வந்ததும் அப்பாவுடைய படத்தை அதில் பார்த்து அழுதேன். சண்டை போட்டு வாங்கிய கார்டு அது.

கார்டு வந்த கையோடு அப்பாவைக் கராடியில் எங்கள் ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு முழு உடல் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். தவாகானாவுக்குப் போகிற மாதிரியே வந்து நின்றார். கசங்கிய சட்டை, ரப்பர் செருப்பு, இரண்டு நாள் தாடி. அந்த வழவழத் தரையில் ரப்பர் செருப்பு கீச் கீச்சென்று சத்தம் போட்டது. வரவேற்பில் இருந்த பெண் அவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத்தான் சுருக்கென்றது.

"இனிமே இங்க வர்றப்போ ஷேவ் பண்ணிட்டு, பேன்ட் ஷூ போட்டுட்டு வாப்பா," என்று காதோரம் சொன்னேன்.

"ஒடம்பு சரியில்லாதப்போ எவன் ஷூ போடுவான்?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, அன்று முழுவதும் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பரிசோதனையில் பிரஷர் தவிர ஒன்றுமில்லை. வீட்டில் கொண்டுவந்து விட்டபோது நான் ஜெயித்த தெம்பில் இருந்தேன். இனிமேல் தவாகானா கிடையாது, மாத்திரையை நான் ஆப்பில் போட்டால் வாசலுக்கே வந்துவிடும் என்றேன். அப்பா தயங்கினார். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே வேப்பமரத்தடி பெஞ்சில் அவரோடு வேலை பார்த்தவர்கள் வருவார்கள், டீ குடித்துக்கொண்டே பழைய ஃபோர்மேன்களைத் திட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"சளி, காச்சலுக்காவது போலாமில்ல?"

"எதுக்கும் போகக் கூடாது. என்ன ஒண்ணுன்னாலும் மொதல்ல எனக்கு போன். நான் வந்து கூட்டிட்டுப் போவேன். அம்மா மேல சத்தியம் பண்ணு."

விளையாட்டுப் பாதி, வினை பாதியாகத்தான் கேட்டேன். சின்ன வயசிலிருந்தே எங்கள் வீட்டில் சத்தியம் வாங்குவது என் வழக்கம். மாம்பழம் வாங்கி வருவதற்கும் சினிமாவுக்குக் கூட்டிப்போவதற்கும் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். ஆனால் செத்துப்போனவர்கள் மேல் வாங்கும் சத்தியம் வேறு. அது அவருக்குத் தெரிந்திருந்தது. சுவரில் மாட்டியிருந்த அம்மாவின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய் படத்தின் கண்ணாடியில் வலதுகையை வைத்தார்.

"போவ மாட்டேன். நீ வர வரைக்கும் போவ மாட்டேன். போதுமா?"

போதும் என்றேன்.

எட்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மாத்திரை டப்பா மாதாமாதம் வாசலுக்கு வந்தது. நான் போனில் கேட்பேன், போட்டுக்கொண்டேன் என்பார். கேன்டீனில் கோயம்புத்தூர்க்காரரிடம், "பாத்தீங்களா, எங்கப்பா இப்ப வரிசையிலயே நிக்கறதில்ல" என்று சொல்லிக்காட்டினேன்.

அன்று ஒரு திங்கட்கிழமை. முந்தைய இரவு வெளிநாட்டுக்காரர்களோடு வேலை முடிய நேரமாகிவிட்டதால் போனை ஊமையாக்கிவிட்டுப் படுத்திருந்தேன். எழுந்து பார்த்தபோது எட்டேகால். அப்பாவிடமிருந்து மூன்று அழைப்பு. முதலாவது ஏழு மணிக்கு. அவர் அப்படி அடுத்தடுத்துக் கூப்பிடுகிற ஆள் கிடையாது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்லம்மா. ஆறரைக்கு டீ ஆத்தறப்ப டம்ளர் நழுவிடிச்சி. வலது கை மரத்த மாதிரி இருக்குது. அவசரமில்ல. நீ மெதுவா வா."

குரல் கொஞ்சம் கொழகொழவென்று இருந்தது. வாயில் பல்செட் இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்கயும் போகாத. நான் வந்துட்டே இருக்கேன்," என்றேன்.

அந்த வார்த்தையை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்தில், "பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கிட்டு தவாகானாவுக்குப் போப்பா, நான் அங்க வந்துடறேன்" என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிக்குக்கூட அது வரவில்லை. எனக்கு வந்ததெல்லாம் கார்டு எங்கே, கார் சாவி எங்கே என்பதுதான்.

கராடியிலிருந்து போபோடிக்குத் திங்கட்கிழமை காலையில் கார் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். யெரவாடா வருவதற்குள்ளேயே அரை மணி நேரம் போய்விட்டது. பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு டெம்போ நின்றுபோய்க் கிடந்தது. ஸ்டியரிங்கைக் குத்தினேன், முன்னால் நின்ற ரிக்ஷாக்காரரைத் திட்டினேன், அவர் திரும்பி மராத்தியில் என்னைத் திட்டினார். நடுவில் அப்பாவுக்குப் போன் போட்டேன். எடுத்தார், ஆனால் பேச்சு சரியாக வரவில்லை. சிக்னல் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சந்து முனையில் காரை நிறுத்தியபோது ஒன்பதே முக்கால்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், காலில் கறுப்பு ஷூ. ஷூ கயிறு மட்டும் கட்டாமல் தொங்கியது. முகத்தில் இடது பக்கம் வழவழவென்று ஷேவ் செய்திருந்தது. வலது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துபோய் வெள்ளையாக ஒட்டியிருந்தது, அதற்கடியில் தாடி அப்படியே இருந்தது. பாதியில் கை ஓய்ந்துவிட்டிருக்கிறது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இட்லி மாவு அரைத்து விற்கிறவர், கையெல்லாம் மாவு. நானும் அவருமாகக் கைத்தாங்கலாகக் காருக்குள் ஏற்றினோம்.

சந்தை விட்டு வெளியே வந்து திரும்பினால் தவாகானா. வாசல் கேட் திறந்திருந்தது. உள்ளே வேப்பமரத்தடியில் அவர்களுடைய ஆம்புலன்ஸ் நின்றது, டிரைவர் கதவில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதை நான் நன்றாகப் பார்த்தேன். அப்பா பக்கத்து இருக்கையிலிருந்து இடதுகையைத் தூக்கி அந்தப் பக்கம் காட்டினார். ஏதோ சொல்ல வந்தார், சத்தம்தான் வந்தது.

"அங்க வேண்டாம்பா. நம்ம ஆஸ்பத்திரிக்கே போயிடலாம். அரை மணி நேரம்தான்," என்றேன்.

கையைக் கீழே போட்டுவிட்டார். தவாகானாவைத் தாண்டிப் போனோம்.

அரை மணி நேரமில்லை, ஒரு மணிக்கு மேல் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் தள்ளு நாற்காலியோடு ஓடி வந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கொண்டு போனார்கள். என்னை ஒரு மேஜைக்கு அனுப்பினார்கள். கார்டு எண் கேட்டார்கள், அப்பாவின் ஆதார் கேட்டார்கள், படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். நான் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே ஒரு இளம் டாக்டர் வேகமாக வந்தார்.

"கடைசியா எப்ப நல்லா இருந்தார்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆறரை மணிக்கு. ஆறரைக்குத்தான் டம்ளர் நழுவிச்சாம்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால். மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைக் கரைக்க ஓர் ஊசி உண்டு, நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குமேல் போட்டால் ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். அந்தப் பொறுமையிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நான் முட்டாள் மாதிரி, "கால் மணி நேரம்தானே டாக்டர் அதிகம்?" என்று கேட்டேன். ஸ்கேன் வேறு எடுக்க வேண்டும் என்றார். பிறகு, "வீட்டுப் பக்கத்தில் எதுவும் இல்லையா?" என்று கேட்டார்.

இருந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊருக்கெல்லாம் பேசுகிற வாய்.

அப்பா பிழைத்தார். பதினாறு நாள் கழித்து எங்கள் ஃப்ளாட்டுக்குக் கூட்டி வந்தோம். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு போய்விட்டது. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது என்றார்கள், அவர் சொல்ல நினைப்பதுதான் வாய்க்கு வராதாம். எங்கள் பதினான்காவது மாடியில் அவருக்குத் தெரிந்தவர்கள் ஒருத்தரும் இல்லை. நாளெல்லாம் லிஃப்ட் சத்தம் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வேலையை வீட்டிலிருந்தே செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு, போபோடி வீட்டுக்கே அவரோடு வந்துவிட்டேன். என் கணவர் வார இறுதியில் வந்து போகிறார். அந்த மனுஷர் இதற்காக என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போபோடிக்கு வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா டீ கொண்டு வந்தார். அன்று காலையில் நடந்ததை அப்போதுதான் முழுசாகச் சொன்னார்.

"நான் எவ்ளோ சொன்னேன் கண்ணு. வாண்ணா, ரிக்ஷா கூட்டியாறேன், அஞ்சு நிமிசம்தானேன்னு. கேக்கவே இல்ல. பொண்ணு வரா, பொண்ணு வரான்னே சொல்லிக்கினு இருந்தாரு. ஏழரைக்கு ஒருக்கா கேட்டேன், எட்டரைக்கு ஒருக்கா கேட்டேன். அப்பறம் வாய் கோணிப் போச்சு, அப்பவும் 'பொண்ணு வரா'ன்றதுதான். எம் பொண்டாட்டி மேல சத்தியம் பண்ணிட்டேன்றாரு. நான் இன்னா பண்றது சொல்லு."

குறையாகச் சொல்லவில்லை அவர். நடந்ததைச் சொன்னார். நான் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அழுதேன்.

அந்த வாரச் செவ்வாய்க்கிழமை, அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தவாகானாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கை கால் பயிற்சி அங்கே வாரத்துக்கு இரண்டு நாள் கொடுக்கிறார்கள். வேப்பமரத்தடி பெஞ்சில் இருந்த பழைய டர்னர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு விடவே இல்லை.

டாக்டர் ஒரு மராத்திய அம்மாள், ஐம்பது வயதிருக்கும். பிரஷர்காரர்களின் நோட்டுகள் இருந்த ரேக்கிலிருந்து அப்பாவின் பழைய சின்ன நோட்டைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி, ஒரு பிரஷர் அளவு, ஒரு கையெழுத்து. பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தவறாமல், வருஷக்கணக்கில். சில இடத்தில் மாத்திரையைக் கூட்டியிருந்தார்கள், சில இடத்தில் குறைத்திருந்தார்கள். பிறகு ஒரு பக்கத்தின் நடுவில் அது நின்றுபோயிருந்தது. கீழே வெறும் கோடுகள்.

"இவருக்கு இப்படி ஆகறதுக்கு முன்னாடி எட்டு மாசம் பிரஷர் யார் பார்த்தாங்க?" என்று இந்தியில் கேட்டார்.

மாத்திரை டப்பா மாதாமாதம் வாசலுக்கு வந்தது. அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, எண்ணைப் பார்த்து, கொஞ்சம் கூடியிருக்கிறதே என்று சொல்ல அந்த எட்டு மாதத்தில் ஒரு மனித ஜீவன் இல்லை. யாரும் பார்க்கவில்லை என்றேன்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. நானேதான் கேட்டேன், அன்று இங்கே வந்திருந்தால் பேசியிருப்பாரா என்று.

"தெரியாதும்மா. அப்படியெல்லாம் உறுதியா சொல்ல முடியாது. இங்க ஸ்கேன்கூட இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்போம். இருபது நிமிஷம் ஆகும்." நோட்டைத் திருப்பி அன்றைய தேதியைப் போட்டார். "ஏழரைக்குக் கேட் திறந்துடுவோம்."

கேன்டீனுக்கு எப்போதாவது போகிறேன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை, முடியாது. கோயம்புத்தூர்க்காரர் மட்டும் நான் இருக்கும்போது அதை எடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அன்று என் பழைய வசனத்தையே பேசினாள், கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு யார் போவாங்க என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் போறேன், செவ்வாயும் வெள்ளியும், என்றேன். சொல்வதற்கு என்னிடம் கட்சி எதுவும் மிச்சமில்லை. அம்மா விஷயத்தில் நான் பட்ட கோபம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. வரிசை இன்றைக்கும் நீளம்தான், கம்பவுண்டர் இன்றைக்கும் ஆகே சலோதான். ஆனால் அம்மாவுக்கு நடந்ததற்கு அப்பாவைப் பிணையாக வைத்தது நான். அவருக்கு ஐந்து நிமிட நடையில் இருந்த வாசலை அடைத்தது நான். அதை எந்த மேஜையிலும் பேசித் தீர்க்க முடியவில்லை.

பயிற்சியால் அப்பாவின் கால் கொஞ்சம் தேறியிருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைக்கிறார். பேச்சில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்தது. மூளையில் அடிபடும்போது வாயில் இருந்த வார்த்தை சிலருக்கு அப்படியே தங்கிவிடுவதுண்டு, அதை அவர்கள் நினைத்துச் சொல்வதில்லை, தானாக வரும் என்று டாக்டரம்மா சொன்னார். டீ வேண்டுமா என்று கேட்டாலும் அதுதான், வலிக்கிறதா என்று கேட்டாலும் அதுதான்.

போன செவ்வாய்க்கிழமை வரிசையில் எங்களுக்கு முப்பத்தொன்றாம் நம்பர். பெஞ்சில் அப்பாவும் நானும். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர், புதிதாக வந்தவர், அப்பாவிடம் கூட யார் வந்திருக்கிறார்கள் என்று இந்தியில் விசாரித்தார். அப்பா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல், தெளிவாகத் தமிழில் சொன்னார்.

"பொண்ணு வரா."

"வந்துட்டேன்பா. இங்கதான் இருக்கேன்," என்று அவர் கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தார். புரிந்த மாதிரி தலையை ஆட்டினார். பிறகு அந்தக் கிழவர் பக்கம் திரும்பி, அவருக்குத் தைரியம் சொல்கிற மாதிரி, மறுபடியும் அதையே சொன்னார்.